பள்ளிக்கூடத்துக்கு வந்த மாருதி வேன்

எங்கள் பள்ளிக்கு வந்த வேன் 1998 மாடல் மாருதி ஆம்னி. வெள்ளை நிறம், கார்புரேட்டர் வண்டி. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், கொப்பரை காயவைக்கும் களத்தோரம் பல வருடமாக நின்றிருந்தது. சொந்தக்காரர் காலமான பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. அவருடைய மகன் எங்கள் பள்ளியில் படித்தவர். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். "சார், பசங்க பிரிச்சுப் பாத்துப் படிக்க ஆகுங்களா?" ஆகும் என்றேன். ஆனால் பிரித்துப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டோம், திரும்ப ஓட்டுவோம் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்வி ஆசிரியர். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வெட்டு இன்ஜின் உண்டு. பாதியாக அறுத்து, தண்ணீர் போகும் வழிக்கு நீலம், ஆயில் போகும் வழிக்கு மஞ்சள் என்று பெயிண்ட் அடித்து ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும், வால்வு திறந்து மூடும். நான்கு ஸ்ட்ரோக்கை விளக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் அதில் கோளாறு வராது. பிள்ளைகள் இரண்டு வருடம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கிப் போய்விடுவார்கள். அப்புறம் ஏதாவது ஒரு பட்டறையில், ஸ்டார்ட் ஆகாத வண்டி முன்னால் நிற்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்பார்கள். இது என் மனதில் வெகுநாளாக இருந்த குறை.

அதற்கு ஆம்னியைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் எண்ணம். 1984-இல் 'மாருதி வேன்' என்ற பெயரிலேயே வந்தது. 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறியது. 2019-இல் உற்பத்தி நின்றது. பெயர் மாறி இத்தனை காலம் ஆன பிறகும் எங்கள் ஊரில் அது மாருதி வேன்தான். ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், பூ மார்க்கெட் வண்டி, கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றும் வண்டி என்று எல்லா வேலையும் பார்த்திருக்கிறது. மாருதி 800 காரில் இருக்கும் அதே மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின்தான் இதிலும். முன் சீட்டைத் தூக்கினால் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எங்களுடையது போன்ற கார்புரேட்டர் வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது, கரண்ட் எந்த ஒயரில் வருகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். சாமானும் தட்டுப்பாடில்லை. புதிதாக வேண்டுமென்றால் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும், பழசு போதும் என்றால் கோவை உக்கடத்தில் கிடைக்கும்.

வண்டியை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்து வந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நிறுத்தினோம். வந்த அன்றே பையன்கள் கேட்டது பேட்டரியைத்தான். "ஒரு பேட்டரி வச்சு சாவியைத் திருகிப் பாக்கலாங்க சார்." கூடாது என்றேன். பல வருடம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் வடிந்துபோயிருக்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் துருவேறிப் பிடித்திருக்கலாம். அந்த நிலையில் செல்ப் மோட்டாரை ஓட்டினால் ரிங் உடையும், இல்லையென்றால் சிலிண்டரில் கோடு விழும். முதலில் மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்தோம். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் மாட்டி, பலம் கொடுக்காமல், கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். முதலில் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஊறவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, கடைசியில் முழுச் சுற்று வந்தது. அந்தச் சுற்று வந்தபோது ஷெட்டில் எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டேங்கைக் கழற்றினோம். பெட்ரோல் என்று சொல்ல ஏதும் மிச்சமில்லை. பிசின் மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு படிவு, வார்னிஷ் வாடை. கார்புரேட்டருக்குள்ளும் அதே படிவுதான். ஜெட் துளைகள் முழுக்க அடைத்திருந்தன. டேஷ்போர்டுக்கு உள்ளே எலி கூடு கட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஒயரைக் கடித்து வைத்திருந்தது. என்னென்ன கெட்டிருக்கிறது என்று பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன.

இந்த நேரத்தில்தான் ஒரு மாணவனின் அப்பா பள்ளிக்கு வந்தார். மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். என் பையன் கையில கிரீஸ் ஒட்டக் கூடாதுன்னுதானுங்க பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறேன்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்குள் கைவேலை என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளியில் பாட நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. சலவை செய்பவர் பிள்ளை சலவை, செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பு. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காமராஜர் 1954-இல் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். என் தாத்தா காலத்துச் செய்தி இது. ஆனாலும் அந்தப் பயம் இன்னும் ஒவ்வொரு வீட்டிலும் உயிரோடு இருக்கிறது. அது நியாயமான பயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிளஸ் டூ முறை 1978-இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. ஆனால் யார் அதற்கு வருகிறார்கள் என்று பாருங்கள். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களைத்தான் இங்கே அனுப்புகிறார்கள். அப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஏற்கெனவே யாராவது பட்டறையிலோ லாரியிலோ இருப்பார்கள். அரசு கைவிட்ட குலக்கல்வி மார்க் பட்டியல் வழியாகத் திரும்பி வருவதுபோல் ஆகிவிடுகிறது. அந்த அப்பா கேட்டதில் இருந்த வலி இதுதான். இதற்கு என் பதில், கைவேலையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவது இல்லை. டாக்டருக்குப் படிக்கப்போகிற பிள்ளையின் கையிலும் கிரீஸ் ஒட்டவேண்டும். பஞ்சர் கடைக்காரர் பிள்ளை ஸ்பானரோடு சேர்த்துக் கணக்கையும் கையில் எடுக்கவேண்டும். ஒரே வண்டியில் இரண்டும் நடக்க வேண்டும்.

அவரிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. தொழிற்பிரிவில் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு உண்டு என்று சொன்னேன். அதோடு, அடுத்த வாரம் அவருடைய கம்ப்ரஸர் வேண்டும் என்றும் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன்.

கம்ப்ரஸர் எதற்கென்றால், கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்த்ததில் முதல் சிலிண்டரும் மூன்றாவது சிலிண்டரும் பரவாயில்லை, நடு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் பாதிகூட இல்லை. கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும். இங்கே ஏறவில்லை. ஆக, ரிங் இல்லை. வால்வா, இன்ஜினுக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டா?

ஒரு பழைய பிளக்கை எடுத்து, நடுவில் இருக்கும் பீங்கானை உடைத்து நீக்கினோம். மிஞ்சிய இரும்புக் கூட்டில் ஒரு டியூப் வால்வைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தோம். அதை நடு சிலிண்டரின் பிளக் துளையில் மாட்டி, இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு இன்ஜினைக் கொண்டுவந்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தோம். பஞ்சர் கடைக்காரர் தன் கம்ப்ரஸரைத் தள்ளுவண்டியில் வைத்து அவரே கொண்டுவந்தார். நான் நான்கு பிள்ளைகளை நான்கு இடத்தில் நிறுத்தினேன். ஒருத்தி கார்புரேட்டர் வாயில் காதை வைத்துக்கொண்டாள். ஒருவன் வண்டிக்குப் பின்னால் போய் சைலன்ஸர் நுனியில். ஒருவன் ஆயில் ஊற்றும் மூடியில். இன்னொருவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. காற்று கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

காற்றைத் திறந்ததும் ஷெட்டே அமைதியானது. பின்னால் குனிந்திருந்த பையன் கையைத் தூக்கினான். அவன் அந்தப் பஞ்சர் கடைக்காரரின் மகன். "சார், இங்க வருதுங்க." மற்ற மூவரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அவனுடைய அப்பா கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத் தானும் பின்னால் போய்க் குனிந்து, இன்னொரு தடவை காற்றை விடச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். பையன் பட்டறைக்குப் போகக் கூடாது, டிப்ளமோதான் படிக்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை மாறவில்லை. ஆனால் அந்தக் கம்ப்ரஸரை அன்று திரும்பக் கொண்டுபோகவில்லை. வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்.

இரும்பைத் திறக்காமலே உள்ளே எந்த வால்வு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் இன்ஜினை வண்டிக்கு அடியில் இறக்கி, மேஜைக்கு ஏற்றி, ஹெட்டைத் திறந்தபோது நடு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் ஒரு பக்கம் கரிந்து தேய்ந்திருந்தது. தாங்கள் சொன்னது சரி என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். எந்தப் பரீட்சைத் தாளும் கொடுக்காத திருப்தி அது.

ஹெட் திறந்து கிடந்த நாட்களில் வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னேன். சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் கீழிருந்து மேல்வரை போகும் தூரம் 72. உருளையின் கன அளவுக்கான பை ஆர் ஸ்கொயர் ஹெச் எல்லாருக்கும் தெரியும், மனப்பாடம். ஆனால் அதை ஓர் உண்மையான ஓட்டைக்குப் போட்டதில்லை. கரும்பலகையில் போட்டார்கள். ஒரு சிலிண்டருக்கு 265 சிசி சொச்சம், மூன்றுக்கும் சேர்த்து 796. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அதிலும் 796. உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சிலர் அன்று ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், "சார், நாங்களும் உள்ள வரலாங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து விளையாட்டுப் பாடவேளையில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கினேன். வருபவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது, ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் அவர்களுக்குக் கொடுத்தது வால்வு கிரைண்டிங். வால்வின் தலையில் ரப்பர் கப்பு வைத்த குச்சியை ஒட்டி, சீட்டில் பேஸ்ட் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்தால் தயிர் கடைவதுபோல் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும். தேயத் தேயச் சத்தம் மெலிந்து வழவழப்பாகும். அப்போது துடைத்துப் பார்த்தால் வால்வைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரியும். எங்காவது வளையம் அறுந்திருந்தால் மறுபடி உருட்ட வேண்டும். கடைசியில் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, மறுபக்கம் கசிகிறதா என்று பார்த்தோம். கரிந்துபோன வால்வு மட்டும் புதிது, மற்றவை பழசேதான். அத்தனையும் சொட்டுக்கூடக் கசியாமல் நின்றன.

ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்த்து வாங்கினோம். டைமிங் பெல்ட், கேஸ்கெட் செட், ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப் புதிது. போல்ட்டை எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் எங்கள் பள்ளியில் இல்லை. டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் முறுக்காமல் படிப்படியாக ஹெட் போல்ட்டுகளை இறுக்கும் முறையை அவரே சொல்லிக் கொடுத்தார்.

சரி, இன்ஜின் வேலை எல்லாருக்கும் பிடிக்கும். பாடி வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். இந்த வேனைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

டிரைவர் காலடியில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கியபோது அதற்கடியில் இருந்த துணி ஈரமாகவே இருந்தது. தோப்பில் மழை, பனி, தென்னை மட்டையிலிருந்து வடியும் தண்ணீர் எல்லாம் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கித் தங்கியிருக்கிறது. தரைத் தகரம் கையோடு வந்தது. பக்கக் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளத்திலும், கூரை ஓரத்தில் தண்ணீர் வடியும் பள்ளத்திலும் அதே கதை. வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. சில இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளம். இரும்பு துருவாகும்போது கொள்ளளவு கூடும், இடம் போதாமல் மேலே இருக்கும் பெயிண்டைத் தூக்கும். ஆகவே கொப்புளம் என்றால் துரு அடியில் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டது என்று பொருள்.

எங்கள் ஊரில் ஒரு டிங்கரிங் வேலைக்காரர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இளம் வயதில் வேலை பார்த்தவர். அவரைப் போய்க் கூப்பிட்டேன். கூலி பேச வேண்டாம், சாயங்காலம் டீ மட்டும் சொல்லுங்கள் என்று வந்தார். வந்தவுடன் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வண்டியைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். "தகரம் உசுரோட இருந்தாக் கணீர்னு பேசும் கண்ணு. செத்துருந்தாப் பொத்துனு கேக்கும். நீ தட்டு பாக்கலாம்." சாக்பீஸை வாங்கி ஒவ்வொரு பிள்ளையும் தட்டித் தட்டி, செத்த இடத்தையெல்லாம் வட்டம் போட்டார்கள். நாங்கள் கண்ணால் பார்த்துப் போட்ட பட்டியலைவிட அது இரண்டு மடங்கு பெரியது.

நான் பட்டி பூசி மூடிவிடலாம் என்று நினைப்பவன் அல்ல. ஆனால் அவர் எவ்வளவு தூரம் வெட்டச் சொன்னார் என்பது எனக்கே அதிர்ச்சிதான். ஓட்டை கைப்பிடி அளவு இருந்தால் இரண்டு கையகலம் வெட்டினார். பளபளவென்று வெள்ளித் தகரம் தெரியும்வரை போக வேண்டும், நடுவில் நின்றால் ஒட்டின துண்டின் ஓரத்திலிருந்து மறுபடி துரு கிளம்பும் என்றார். 20 கேஜ் தகரத்தை வெட்டி, மடக்கி, பொருத்தி, முதலில் அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்தார். ஒரே கோடாகப் பற்றவைத்துக்கொண்டு போனால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் ஈரத்துணி. பெட்ரோல் டேங்க் எப்போதோ கழற்றி வெளியே போய்விட்டது. அது வண்டியில் இருந்தால் வெல்டிங் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டேன். வெல்டிங்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. வெட்டுவது, மடக்குவது, ராவுவது, ரெட் ஆக்சைடு அடிப்பது எல்லாம் அவர்கள்தான். பட்டி மெல்லிசாக, நகக்கண் அளவுக்கு மேல் எங்கும் கூடாது என்று அவர் வைத்திருந்த சட்டம் கடைசிவரை மீறப்படவில்லை.

பையன்கள் வண்டிக்குக் கறுப்பு அடிக்க ஆசைப்பட்டார்கள். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது, நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று விளக்கி வெள்ளையே அடித்தோம். பிரேக்கில் நான்கு சக்கரமும் பிடித்திருந்தது. வீல் சிலிண்டர் கிட், புது ஹோஸ், புது ஆயில். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக பிரேக் குழாய்க்குள் தங்கிய காற்றை வெளியே எடுத்தோம். உள்ளே ஒருத்தி பெடலை அமுக்க, வெளியே ஒருவன் நிப்பிளைத் திறந்து மூட, "அமுக்கு", "விடு" என்று ஒரு மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் படித்த பாஸ்கல் விதி பெடலுக்குக் கீழே இருக்கிறது என்று இயற்பியல் ஆசிரியர் தன் வகுப்பையே ஒருநாள் இங்கே கூட்டிவந்து நடத்தினார். ஒயரிங் முழுவதையும் பிளஸ் டூ பெண்கள் இருவர் பொறுப்பெடுத்து, ஷெட் சுவரில் சாக்பீஸால் சர்க்யூட் வரைந்து, எலி கடித்த ஒவ்வொரு ஒயரையும் நிறம் பார்த்து இணைத்தார்கள்.

செலவு மொத்தம் 40,000 ரூபாயைத் தாண்டியது. பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் கொடுத்தார்கள். அதே பணத்தில் ஓடுகிற பழைய ஆம்னி ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கியிருக்கலாம். அதில் பிள்ளைகள் என்ன படித்திருப்பார்கள்?

ஸ்டார்ட் செய்யும் நாளில் முதலில் பொறி வராதபடி காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ப் ஓட்டினோம். பின்பு ஒயரை மாட்டிச் சாவியைத் திருகினால் கார்புரேட்டர் வழியாக டப், டப் என்று திருப்பி அடித்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேராகப் போனார்கள். பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, ஆனால் நேரம் தவறி வருகிறது, ஆகவே பிளக் ஒயர் மாறியிருக்கும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-2. யாரோ 1-2-3 என்று மாட்டியிருந்தார்கள். மாற்றிப் போட்டதும் பிடித்துக்கொண்டது. ஆம்னியின் அந்தப் படபட ஐட்லிங் சத்தம் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு டிங்கரிங் பெரியவரை முன் சீட்டில் உட்காரவைத்து மைதானத்தை ஒரு சுற்று சுற்றினேன். பதினெட்டு வயதாகாமல் லைசென்ஸ் கிடையாது என்பதால் ஓட்டுவது மட்டும் அவர்களுக்கு இல்லை.

வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருவது தனி வேலை. பள்ளியின் பெயருக்கே மாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்லவேளை, விதியைப் படித்துப் பார்த்தோம். அரசுக்குச் சொந்தமான வாகனம் 15 வருடத்தைத் தாண்டினால், 2023 ஏப்ரல் 1 முதல் அதன் பதிவைப் புதுப்பிக்க முடியாது, உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியின் பெயருக்கு வந்திருந்தால் அத்தனை உழைப்பும் காயலான் கடைக்குத்தான். தனியார் வாகனத்துக்கு அப்படியில்லை, தகுதி பார்த்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். ஆகவே வண்டி இன்றும் அந்த முன்னாள் மாணவரின் பெயரில்தான் இருக்கிறது, நிற்பது எங்கள் ஷெட்டில். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. அதோடு தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. அவரே கட்டினார். மோட்டார் வாகன ஆய்வாளர் விளக்கு, வைப்பர், பிரேக் எல்லாம் பார்த்தார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது அந்த எண்ணை டேப் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கித் தரையைப் பார்த்தவர், யார் செய்தது என்று கேட்டார். கூட வந்திருந்த இரண்டு பையன்களைக் காட்டினேன்.

மின்சார வண்டிக் காலத்தில் கார்புரேட்டரைக் கற்று என்ன பயன் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கார்புரேட்டர் போய்விட்டது, எனக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகள் கற்றது, கோளாறு வந்தால் எந்த வரிசையில் சந்தேகப்படுவது, எதை முதலில் விலக்குவது, சாமானை மாற்றுவதற்கு முன் எப்படி நிரூபிப்பது என்பதை. ஒயரிங் செய்த இரண்டு பெண்களில் ஒருத்தி இப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கிறாள். எந்த பியூஸ் போனாலும் முதலில் எர்த்தைப் பார்க்கும் பழக்கம் வேனிலிருந்து வந்தது என்று அவள் சொன்னாள்.

எனக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படாமல், பிரிவே மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு அப்படி ஆகக் கூடாது என்று மனு கொடுத்திருக்கிறேன், தொடர்ந்து கொடுப்பேன். இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் அவரவர் பள்ளியில் தொழிற்பிரிவு இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று ஒருதடவை விசாரியுங்கள்.

வீட்டு வாசலிலோ தோப்பிலோ பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் நிற்கிறது என்றால் இரும்பு விலைக்குக் கொடுப்பதற்கு முன் பக்கத்துப் பள்ளியையோ ஐ.டி.ஐ.யையோ கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வராது. அரசுப் பள்ளியாக இருந்தால் பெயர் மாற்ற அவசரப்படாதீர்கள். கொடுப்பதற்கு முன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டாம், பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்தும் பார்க்க வேண்டாம். எப்படி நிற்கிறதோ அப்படியே அனுப்புங்கள். எங்கள் வேனில் இப்போது இரண்டாவது கியரில் ஒரு முனகல் கேட்கிறது. இந்த வருடப் பிளஸ் ஒன் பிள்ளைகள் அடுத்த வாரம் கியர் பாக்ஸை இறக்குகிறார்கள். பேரிங் என்கிறது ஒரு கூட்டம், கியர் பல் என்கிறது இன்னொரு கூட்டம்.